வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நாலு வரி நன்றிச் சீட்டு: எழுதுவது, வைப்பது, கெட்டுப்போகும் இடங்கள்

(பலர் சேர்ந்து எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மதுரை மதினி

வீட்டு மனிதர்களுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தால் பேனா முதல் வரியிலேயே நின்றுவிடும். நிறுத்துவது 'நன்றி' என்ற சொல். அம்மாவிடமோ அத்தையிடமோ அதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் நம் வீடுகளில் இல்லை. சொன்னால், "என்ன, என்னை வேத்தாளா ஆக்கிட்டியா?" என்பார்கள். தாளில் எழுதினாலும் அதே விலகல்தான்.

வழி இருக்கிறது. பழைய தமிழில் நன்றி என்றால் செய்த நன்மை. செய்ந்நன்றி என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் செய்த காரியத்தை எழுதிவிட்டால் நன்றியை எழுதியாயிற்று. தனியாக அந்தச் சொல் வேண்டாம்.

சீட்டுக்கு மூன்று சங்கதி போதும்: எந்த நாள், அவர் என்ன செய்தார், அதனால் இங்கே என்ன நடந்தது. இப்படி:

"அத்தை, செவ்வாய்க்கிழமை மழைக்கு முன்னாடி மாடித் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிருந்தீங்க. புதன்கிழமை காலையில யூனிஃபார்ம் தேடாம பிள்ளை பஸ்ஸைப் பிடிச்சுட்டான்."

இதோடு நிறுத்த வேண்டும். "எப்பவும் எங்களுக்காக எவ்வளவோ செய்றீங்க" என்று ஒரு வரி சேர்த்தால் செவ்வாய்க்கிழமை மறைந்துவிடும், யாருக்கும் எழுதக்கூடிய வாழ்த்தட்டையாகிவிடும். "இனிமேலும் இப்படியே பார்த்துக்கோங்க" என்று முடித்தால் சீட்டு வேலைப் பட்டியலாகிவிடும். "எங்க அம்மாகூட இப்படிச் செஞ்சதில்லை" என்பது எல்லாவற்றிலும் மோசம். அந்தச் சீட்டு என்றாவது ஒருநாள் அந்த அம்மா கையில் கிடைக்கும்.

பேச்சு நடையா, எழுத்து நடையா? அவரிடம் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே. அம்மாவை 'நீ' என்று கூப்பிடும் வீட்டில் சீட்டில் மட்டும் 'நீங்கள்' வந்தால் பிள்ளைக்கு ஏதோ கோபம் என்றுதான் படிப்பார்.

தாள்கடை

தாளும் பேனாவும் பற்றி.

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) ஏ4 தாள் ஒன்றை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றும் 74க்கு 105 மில்லிமீட்டர். நாலு வரிக்கு அளவெடுத்தது போல இருக்கும். இதைவிடப் பெரிய தாள் எடுத்தால் மீதி இடத்தை நிரப்பத் தோன்றும். மதினி சொன்ன கோளாறுகள் எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

கடையில் எல்லாரும் கேட்பது 76 மில்லிமீட்டர் சதுர ஸ்டிக்கி நோட். 1968இல் அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை ஒன்றைத் தேடும்போது கிடைத்த வலுக்குறைந்த பசை இது. நுண்ணிய உருண்டைகளாக இருப்பதால் அங்கங்கே மட்டும் தொட்டுப் பிடிக்கும், திரும்பவும் உரிக்கலாம். அதுவே அதன் பலவீனமும். தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ அந்த உருண்டைகளை மூடிவிட்டால் பிடி போய்விடும். அடுப்புக்குப் பக்கத்து டைல்ஸ், வியர்த்த ஃப்ரிட்ஜ் கதவு, சுண்ணாம்பு உதிரும் சுவர் மூன்றிலும் ராத்திரியே கீழே கிடக்கும். ஒட்டுகிற இடத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பசைப் பட்டையை விரலால் ஐந்தாறு வினாடி அழுத்த வேண்டும். நோட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுக்கும்போது கீழிருந்து மேலே தூக்காமல் பக்கவாட்டில் உரித்தால் தாள் சுருளாது.

வாங்காமலே வீட்டில் கிடைக்கும் இரண்டு தாள்கள்:

தினசரி காலண்டர் தாள். பின்பக்கம் அச்சு இல்லாத காலண்டராக இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. அவர் அந்த உதவியைச் செய்த அதே தேதித் தாளின் முதுகில் எழுதலாம். ஆனால் மெல்லிய தாள், ஜெல் மை ஊறி மறுபக்கம் தெரியும். பால்பாயிண்ட்தான் சரி. நாள் முடிந்தபிறகு கிழியுங்கள், பெரியவர்கள் ராகு காலம் பார்க்க வருவார்கள். அஷ்டமி, சந்திராஷ்டமம் பார்க்கிறவருக்குக் கொடுப்பதானால் முன்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பழைய கல்யாணப் பத்திரிகை. தடித்த அட்டை, நன்றாக நிற்கும். பளபளக்கும் பக்கத்தில் மை காயாமல் இழுவும், மங்கலான உள்பக்கத்தில் எழுதுங்கள். சாமி படத்தின் மேல் கத்தரி போகக்கூடாது. மணமக்கள் பெயரும் துண்டாகக்கூடாது. இரண்டையும் விட்டு ஓரத்தை மட்டும் வெட்டுங்கள்.

ஆகாத தாள் ஒன்று: கடை பில், ஏடிஎம் சீட்டு. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அதிகச் சூடு படும் இடத்தில் வைத்தால் தாளே கறுத்து எழுத்தை விழுங்கிவிடும்.

டிபன் பை

உராய்ந்து அழிக்கும் ஜெல் பேனாவைத் தாள்கடை சொல்லாமல் விட்டுவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் பையில் இப்போது அதுதான். அதன் மை சுமார் 60 டிகிரி சூட்டில் நிறம் இழந்துவிடும். சூடான சாம்பார் டப்பா மேல் வைத்தால் பிள்ளை கைக்கு வெள்ளைத் தாள்தான் போகும். வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டிலும், லேமினேஷன் இயந்திரத்திலும் இதே கதி. சீட்டுக்குச் சாதாரண பால்பாயிண்ட் போதும்.

சாப்பாட்டு டப்பாவுக்கு உள்ளே எதுவும் வைக்காதீர்கள். ஆவி படிந்து எழுத்து கலங்கும், மையும் சோற்றில் படும். கேரியர் அடுக்குகளுக்கு நடுவிலும் வேண்டாம், குழம்பு கசியும் இடமே அதுதான். டப்பாவைச் சுற்றிய துணியின் கடைசி மடிப்பில் வைத்தால் பிரிக்கும்போது முதலில் அது வரும். பையில் ஸ்பூனுக்குத் தனி அறை இருந்தால் அதுவும் நல்ல இடம்.

ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலைந்து சொல், எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம். கொம்பும் துணைக்காலும் சேர்ந்துவரும் எழுத்துகளில் தடுக்குவார்கள், முடிந்தவரை குறையுங்கள். "பாப்பா அழுதா. நீ விசிறி விட்ட." இது போதும். மதிப்பெண்ணைப் பாராட்டிச் சீட்டு வைத்தால் அடுத்த தேர்வு முடிந்ததும் பிள்ளை பையைத் திறக்கப் பயப்படும். செய்ததைப் பாராட்டுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் சாப்பாட்டுப் பையே வேண்டாம். பக்கத்தில் உட்காருகிறவன் எடுத்து உரக்கப் படிப்பான். ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம், அல்லது வீட்டில் தலையணைக்கு அடியில்.

கண்ணாடிக்கூடு

எழுபது தாண்டியவர்களுக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க.

வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் தாள், கறுப்பு மை. வயதானால் கண் வில்லை பழுப்பேறி நீலம் மங்கித் தெரியும். அதனால் நீலப் பேனாவும் வேண்டாம், வேறு வண்ணத் தாளும் வேண்டாம். எழுத்து 6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வரிக்கு வரி அதே அளவு இடைவெளி. தெளிவாக இருக்கட்டும் என்று ஸ்கெட்ச் பேனா எடுப்பார்கள், அங்கேதான் தவறும். ண, ன, ணை எல்லாம் சுழிக்குள் மை அடைத்து ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். 0.7 ஜெல் பேனா சரியான தடிமன். ஸ்கெட்ச் பேனாதான் கையில் இருக்கிறது என்றால் எழுத்தை ஒரு சென்டிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள்.

கண்ணாடிக்கூட்டுக்குள், அல்லது காலை நாளிதழின் மடிப்புக்குள் வையுங்கள். மாத்திரை டப்பாவில் வைக்கவே கூடாது. மருத்துவர் எழுதிய குறிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், மாத்திரைகளும் இடம் மாறும்.

எழுத்துத் தெரியாத ஆச்சிக்கு எழுதும்போது அதைப் படித்துக்காட்டப் போவது மருமகளோ பேத்தியோ என்பதை மறக்கக்கூடாது. படிக்கிறவர் குரல் தடுமாறுகிற மாதிரி எதுவும் அதில் இருக்கக்கூடாது. "நீங்கள் செய்யும் ரசம் யாருக்கும் வராது" என்று எழுதினால் அதை உரக்கப் படிக்க வேண்டியவர் அன்று ரசம் வைத்தவர். "பொங்கலுக்கு வந்தப்ப ரசப்பொடி அரைச்சுக் குடுத்தீங்க ஆச்சி, மாசி வரைக்கும் வந்துது" என்றால் இருவருக்கும் சந்தோஷம். வரி ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் படிக்கிற நீளத்தில் இருக்கட்டும்.

சிவப்புப் பெட்டி

வெளியூருக்கு என்றால் தபால். அஞ்சலட்டை 50 காசு, இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், உறை 20 கிராம் வரை 5 ரூபாய்.

1879 ஜூலை 1இல் இந்தியாவுக்கு வந்த அஞ்சலட்டைக்கு ஒரு குணம் உண்டு: தபால்காரர், வாசலில் நிற்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லார் கண்ணிலும் படும். ஊரறியப் பெருமைப்படுத்த வேண்டிய காரியத்துக்கு அதுவே பொருத்தம். தம்பி மகள் வேலைக்குச் சேர அலைந்து திரிந்து உதவிய பெரியப்பாவுக்கு அட்டை போடுங்கள், தெருவே படிக்கட்டும். பண உதவி, ஆஸ்பத்திரி, குடும்பச் சண்டையில் சமாதானம் செய்தது போன்றவற்றுக்கு இன்லேண்ட் அல்லது உறை.

இன்லேண்டுக்குள் வேறு எதையும் வைக்கக்கூடாது, புகைப்படமும்தான். ஒட்டும் மடிப்புகளை ஒட்டி ஒன்றரை சென்டிமீட்டர் எழுதாமல் விடுங்கள். அவசரத்தில் கிழிப்பவர்கள் கையில் ஓர வார்த்தைகள்தான் முதலில் போகும். பெரும்பாலும் கையெழுத்து.

உறைக்குக் கணக்கு: 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 4க்கு 6 அங்குலப் புகைப்படம் ஏறக்குறைய 4 கிராம். சிறிய உறை 5 கிராம் என்று வைத்தால் இரண்டு தாளும் ஒரு படமும் 20க்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் தபால் நிலையத்திலேயே எடை போட்டுவிடுங்கள். ஒட்டிய தபால்தலை போதாவிட்டால் கடிதம் பெறுகிறவரிடம் பணம் கேட்பார்கள். அன்புக்கு எழுதிய கடிதத்துக்கு அவர் வாசலில் சில்லறை தேடக்கூடாது.

முகவரியை இங்க் பேனாவால் எழுதாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் பை நனைந்தால் முதலில் கரைவது அதுதான். ஆறு இலக்க பின்கோடு கட்டாயம். வெளிமாநிலத்துக்கு என்றால் முகவரியை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். உள்ளே இருப்பது தமிழாகவே இருக்கட்டும்.

மதுரை மதினி

கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவும் பழக்கம் பற்றிச் சிலர் கேட்பார்கள். செய்யலாம். மஞ்சளை நிறைய நீரில் குழைக்காமல் ஈர விரலில் தொட்டு வையுங்கள். முதலில் மஞ்சள், அது காய்ந்தபின் எழுத்து.

யாழ்ப்பாணத்து மச்சாள்

எங்கட பக்கத்திலை அம்மம்மா, அப்பம்மா எண்டு பிரிச்சுத்தான் எழுதவேணும். வெறும் 'பாட்டி' எண்டு போட்டால் ஆருக்கு எண்டு தெரியாது. தாய் தகப்பனுக்கு 'நீங்கள்'. ஒத்த வயதுக்காரருக்கு 'நீர்' எண்டு எழுதுறது எங்களுக்கு மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தது. தமிழ்நாட்டு உறவுக்கு அதை எழுதினால் விறைப்பாத் தெரியும், 'நீங்கள்' எண்டு மாத்திவிடுங்கோ.

கனடாவிலையும் லண்டனிலையும் வளர்ற பிள்ளையளிலை கனபேருக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்கக் கஷ்டம். அவைக்கு ஒரு வரி மட்டும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, அச்செழுத்து மாதிரி எழுதுங்கோ. கூட்டெழுத்தும் சாய்வெழுத்தும் வேண்டாம். கைத்தொலைபேசியிலை படமெடுத்து அனுப்பினாலும் தாளையும் அனுப்பிவிடுங்கோ.

தாள்கடை

நண்பர்களுக்கு எழுத இரண்டு சந்தர்ப்பம் தானாகவே வரும், இரண்டையும் பெரும்பாலும் வீணாக்கிவிடுகிறோம்.

ஒன்று, கைமாற்று வாங்கிய பணத்தைத் திருப்பும் உறை. ஜிபேயில் அனுப்பினாலும் ஒரு சீட்டு தனியாகக் கொடுங்கள். தொகை, வாங்கிய தேதி, திருப்பும் தேதி, அந்தப் பணம் எங்கே போய் நின்றது. "மச்சான், ஜூன் 3ஆம் தேதி 12,000 குடுத்த. அன்னைக்குச் சாயங்காலமே காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சு. தங்கச்சி இப்ப ரெண்டாவது செமஸ்டர்." நன்றிக்காகத் தொகையோடு ஐநூறு சேர்த்து வைக்காதீர்கள், வட்டி கொடுத்த மாதிரி அவர் முகம் வாடிவிடும். ரூபாய்த் தாளின் மேலேயே எழுதுவதும் கூடாது.

இரண்டு, பலகாரம் வந்த பாத்திரம். வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. சர்க்கரையோ இரண்டு பழமோ போட்டுத்தான் தருவோம். சீட்டை உள்ளே போட்டால் சர்க்கரை ஒட்டும். மூடிக்கு மேலே செல்லோ டேப் ஒட்டினால் எவர்சில்வரில் கறை நிற்கும். மூலையில் துளையிட்டு, பூக்கட்டும் நாரால் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். எதைச் சாப்பிட்டோம், யார் இரண்டாவது தடவை கேட்டார் என்று எழுதினால் போதும்.

மொய்க் கவர் நல்ல இடம் இல்லை. மண்டபத்தில் மொய் எழுதுகிறவர் பணத்தை எடுத்து, பெயரையும் ஊரையும் நோட்டில் ஏற்றி, கவரை ஓரமாகப் போட்டுவிடுவார். உள்ளே வைத்த சீட்டு மணமக்களிடம் போய்ச் சேராது. பத்து நாள் கழித்து வீடு அடங்கியதும் கொடுங்கள்.

கண்ணாடிக்கூடு

சீட்டைக் கொடுத்தபிறகு, படித்தீர்களா என்று கேட்க வேண்டாம். அப்பா, சித்தப்பா வயது ஆண்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். தாள் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும்.

அப்படிப் பல வருஷம் கிடக்கப் போகும் சீட்டை எதிலும் குண்டூசியால் குத்தாதீர்கள். கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலத்திலேயே துருக்கறை இறங்கிவிடும். செல்லோ டேப்பும் பழுத்து உரிந்து, எழுத்தின் மேல் பழுப்புப் பட்டையை விட்டுவிட்டுப் போகும். மைதாப் பசையால் அட்டையில் ஒட்டினால் இராமபாணப் பூச்சி பசையைத் தேடி வந்து தாளையும் அரிக்கும். ஒட்டாமல், மடிக்காமல், ஒரு காகித உறைக்குள் படுக்க வைத்து, நன்றாகக் காய்ந்த வேப்பிலை நாலைந்தை உறைக்கு வெளியே போட்டுவையுங்கள். இலை பச்சையாக இருந்தால் அதன் ஈரமே தாளைக் கெடுக்கும்.