புகைப் பரிசோதனையில் தவறிய அல்டோ: கராஜுக்குக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கல்லடிவாசி (மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு சுசுக்கி அல்டோ, 796 சீசி, பெற்றோல் வாகனம். வருமான அனுமதிப்பத்திரம் முடிவடைய இன்னும் 18 நாட்களே இருப்பதால் கடந்த சனிக்கிழமை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுசென்றேன், தவறிவிட்டது. கையில் தந்த அறிக்கையில் காபனோரொட்சைட்டின் அளவு ஐட்லிங்கிலும் (எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போதும்) நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் எல்லைக்குள் இருக்கிறது. ஐதரோகாபன் மட்டும் ஐட்லிங்கில் எல்லையைத் தாண்டியிருக்கிறது. 2500 சுற்றில் அதுவும் இறங்கி எல்லைக்குள் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஒரு கராஜில் காட்டினேன். கற்றலிற்றிக் கன்வேட்டர் அடைத்துவிட்டது, அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். பழையதைத் தாங்களே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனாலும் மறுத்துச் சொல்ல விடயம் தெரியவில்லை.

நான் நகரத்தில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். கார் பெரும்பாலும் காலையில் பாலத்தைக் கடந்து போவதற்கும் பிற்பகலில் திரும்பி வருவதற்கும் மட்டுமே ஓடுகிறது. ஒயில் மாற்றி ஒன்றரை வருடமாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள்: சொந்தக் காருக்கும் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று ஓய்வறையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், அது உண்மையா? என் அக்காவின் டொயோட்டா அக்குவாவுக்கும் இதே மாதம்தான் பரிசோதனை. ஹைபிரிட் வாகனத்தின் எஞ்சின் நின்ற இடத்தில் தானாகவே அணைந்துவிடுமே, அதை எப்படிச் சோதிப்பார்கள்?

கல்முனைப் பட்டறை எழுதியது:

சேர், முதலில் அந்தக் கன்வேட்டரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். எஞ்சினிலிருந்து எரியாமல் வரும் ஐதரோகாபனையும் அரைகுறையாக எரிந்த காபனோரொட்சைட்டையும் மிச்சமாக எரித்து வெளியே விடுவதுதான் அதன் வேலை. அதைக் கழற்றினால் இப்போது நல்லதாக இருக்கும் மூன்று அளவுகளும் சேர்ந்து கெட்டுப்போகும். அது உண்மையாகவே அடைத்திருந்தால் புகை வெளியேற வழியின்றி வண்டி இழுவையை இழந்திருக்கும். 2500 சுற்றில் உங்களுக்கு இவ்வளவு சுத்தமான அளவு வந்திருக்காது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் இருக்கின்றன. பழையதற்கு ஏன் விலை பேசினார்கள் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

2008இல் இந்தப் பரிசோதனை தொடங்கியதிலிருந்து நான் பார்த்துவரும் விடயம், வாகனக்காரர்கள் "பாஸா, பெயிலா" என்பதை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொள்வதுதான். நோயாளி இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமலே மருந்து வாங்கப் போவது போன்றது அது. காபனோரொட்சைட்டு கூடினால் காற்றுக்கு அளவுக்கு மீறிப் பெற்றோல் சேர்கிறது என்று பொருள்: எயார் பில்டர் அடைப்பு, ஒட்சிசன் சென்சர் பழுது, பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒழுக்கு ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். காபனோரொட்சைட்டு சரியாக இருந்து ஐதரோகாபன் மட்டும் ஏறினால், பெற்றோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் இடைக்கிடை தீப்பற்றாமல் தவறவிடுகிறது. உங்கள் எஞ்சினில் இருப்பதே மூன்று சிலிண்டர்கள். அதில் ஒன்று சோர்ந்தாலும் அறிக்கையில் தெரிந்துவிடும். ஐட்லிங்கில் தவறி, சுற்று கூடும்போது சீராவது பெரும்பாலும் கரி பிடித்த பிளக்கின் (பெற்றோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது) குணம்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீங்களே பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகவே பாயும். கல்லடியிலிருந்து நகரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, வருவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் சூடு பிளக்குக்குக் கிடைப்பதேயில்லை. எரியாத பெற்றோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஒயிலில் கலக்கிறது. பின்னர் சூடேறும்போது அந்த ஆவி எஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக மறுபடியும் உள்ளே இழுக்கப்பட்டு அறிக்கையில் ஏறுகிறது. ஆகவே பழைய ஒயிலும் உங்கள் வழக்கில் ஒரு குற்றவாளி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒயிலையும் ஒயில் பில்டரையும் எயார் பில்டரையும் மாற்றிவிட்டு, மூன்று பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று அடையாளமிட்டு வரிசையாக வைத்துப் பார்ப்பேன். இளம் பழுப்பு நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருப்பது நோய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடியும் பூட்ட வேண்டாம், புதியதாக மூன்றும் வாங்குங்கள். அன்றிரவு வெளிச்சமில்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பொனெற்றைத் திறந்து பாருங்கள். பிளக் வயரில் வெடிப்பிருந்தால் நீலப் பொறி தெரியும். ஆனால் எதையும் கையால் தொட வேண்டாம். இவ்வளவும் செய்தும் குறையவில்லையென்றால் மட்டுமே கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கம்) பார்க்கும் செலவுக்குப் போக வேண்டும்.

ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் உங்கள் ஊரில் சைலன்சர் இணைப்புகள் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் அளவு தவறாகக் காட்டும். ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓட்டை விழுந்திருந்தால் அது ஏமாந்து பெற்றோலைக் கூட்டச் சொல்லும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் பின்குழாயின் வாயைத் தடித்த துணியால் ஒரு கணம் மறைத்தால், கசிவு இருக்கும் இடத்தில் "புஸ்" என்ற சத்தம் கேட்கும்.

ஏறாவூர் அன்பன் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? பரிசோதனைக்கு முதல் நாள் 95 ஒக்டேன் பெற்றோலை நிரப்பி, கடையில் விற்கும் கிளீனர் போத்தல் ஒன்றையும் ஊற்றிவிட்டுப் போனால் போதும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கல்முனைப் பட்டறை எழுதியது:

தம்பி, ஒக்டேன் எண் என்பது பெற்றோல் தானாக வெடித்து எஞ்சினில் நொக்கிங் வராமல் எவ்வளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது. அது பெற்றோலின் சுத்தத்தைக் குறிப்பதல்ல. 92க்கு அமைத்த எஞ்சினில் 95 ஊற்றினாலும் கறுத்த பிளக் கறுத்ததாகவே இருக்கும். இன்ஜெக்டரில் அழுக்கு இருந்தால் போத்தல் மருந்து ஓரளவு உதவும், அதுவும் ஒரு டாங்கி முழுவதும் ஓடித் தீர்ந்த பிறகு. முதல் நாள் ஊற்றுவது மனத்திருப்திக்கு மட்டும்தான்.

அக்கரைப்பற்று வாசகன் எழுதியது:

கல்முனைப் பட்டறைக் காக்கா பிளக் விடயத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு கேள்விகளுக்கு நான் பதில் எழுதுகிறேன். தகுதிச் சான்றிதழ் பஸ், லொறி போன்ற வாகனங்களுக்கு உரியது. சொந்தப் பாவனைக்கான மோட்டார் காருக்கு அது தேவையில்லை. புகைச் சான்றிதழ், செல்லுபடியாகும் காப்புறுதி, முந்தைய அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுடன் நீங்கள் பிரதேச செயலகத்துக்குப் போகலாம். கேட்கமாட்டார்கள் என்பதற்காக டயரையும் பிரேக்கையும் பாராமல் விட வேண்டாம். டயர் பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாரி மழையில் அந்த டயரை நம்ப முடியாது.

அக்குவாவை எஞ்சின் அணையாமல் ஓடவைக்க அதற்கென்றே ஒரு பராமரிப்பு நிலை உண்டு. பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்தி மீற்றர் விளக்குகளை எரியவிடுங்கள். பிறகு கியர் "பி"யில் இருக்க எக்ஸிலறேற்றரை இரண்டு தரம் முழுதாக மிதித்து, "என்"னுக்கு மாற்றி இரண்டு தரம் மிதித்து, மீண்டும் "பி"க்கு வந்து இரண்டு தரம் மிதிக்க வேண்டும். இவை அனைத்தும் 60 செக்கன்களுக்குள் முடிய வேண்டும். அதன் பின்னர் பிரேக்கை மிதித்துப் பவரை அழுத்தினால் எஞ்சின் அணையாமல் ஓடும். அந்த நிலையிலேயே வீதியில் ஓட்டக் கூடாது; பரிசோதனை முடிந்ததும் பவரை அணைத்து மறுபடியும் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இன்னுமொன்று, இரண்டு வாகனங்களுக்கும் பொருந்தும். கன்வேட்டர் சூடேறாமல் வேலை செய்யாது. வீட்டிலிருந்து நேரே போய் வரிசையில் அரைமணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், பிளக்கை மாற்றியதன் பலனும் பாதி போய்விடும்.

கல்லடிவாசி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பிளக்குகளைக் கழற்றியபோது இரண்டு பழுப்பு நிறத்தில் இருந்தன. நடுச் சிலிண்டரின் பிளக் கரிக்கட்டை போலக் கறுத்து, பெற்றோல் மணத்தோடு ஈரமாக இருந்தது. அதே சிலிண்டருக்குப் போகும் வயரில் இரவில் பொறியும் தெரிந்தது; என் மகன்தான் முதலில் கண்டான். பிளக் மூன்று, வயர் செட், ஒயில், இரண்டு பில்டர்கள் என எல்லாவற்றையும் மாற்றினேன். சைலன்சரின் நடு இணைப்பிலும் கசிவு இருந்தது, அதையும் ஒட்டவைத்தேன். நேற்றுக் காலை களுவாஞ்சிக்குடி வரை போய்த் திரும்பி, எஞ்சின் சூடு ஆறாமல் அப்படியே பரிசோதனைக்குக் கொண்டுசென்றேன். ஐட்லிங் ஐதரோகாபன் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்று மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரமும் கிடைத்தது.

அக்காவின் அக்குவாவை வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை 60 செக்கன்கள் கடந்துவிட்டதால் சரிவரவில்லை. இரண்டாம் தடவை எஞ்சின் அணையாமல் ஓடியது.