குடும்ப அறக்கட்டளைப் பணம்: வடிகட்டிக்கா, ஆள் சம்பளத்துக்கா?

பாலக்கோட்டான்:
தர்மபுரி மாவட்டம் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஃப்ளோரைடு (அளவு மீறினால் பல், எலும்பைக் கெடுக்கும் உப்பு) தண்ணீர் பிரச்சினைக்காக வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்கு நிதி தர ஒரு குடும்ப அறக்கட்டளை முன்வந்திருக்கிறது. நிபந்தனை: பள்ளிகளுக்கு வடிகட்டி வாங்க மட்டும், ஓராண்டுக்கு மட்டும், நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்குள். இது நியாயமான நிபந்தனை. இயந்திரம் கண்ணெதிரே நிற்கும், பில் இருக்கும். சம்பளம் என்று ஆரம்பித்தால் எதை வைத்துக் கணக்குக் கேட்பது?

அரூர் களம்:
சார், அலுமினா வடிகட்டியை மாட்டின அன்றைக்குத்தான் வேலையே ஆரம்பம். அலுமினா ஓரளவுக்குத்தான் ஃப்ளோரைடைப் பிடிக்கும். நிறைந்துவிட்டால் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவி, நீர்த்த அமிலம் விட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். எப்போது நிறையும் என்பது ஒவ்வொரு போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) மாறும், தேதி குறித்து வைக்க முடியாது. அதனால் மாதாமாதம் சோதிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் தண்ணீர் தெளிவாகவே வரும், ருசியும் மாறாது, பிள்ளைகள் நம்பிக் குடிப்பார்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதை நாக்கு சொல்லாது. கழுவின கரைசலில் பிடிபட்ட ஃப்ளோரைடு அத்தனையும் இருக்கும். அதைக் கிணற்றோரம் கொட்டாமல் பார்ப்பதும் அதே ஆள்தான்.

பாலக்கோட்டான்:
அப்படியென்றால் ஆர்.ஓ. வைக்கலாமே. 2013லிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஆள் எதற்கு?

அரூர் களம்:
ஆர்.ஓ.வில் கழிவாக வெளியேறும் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் செறிவாக இருக்கும், அதற்கு வழி வேண்டும். உப்பு அடைத்தால் மெம்பிரேன் (தண்ணீரை வடிக்கும் சவ்வு) மாற்ற வேண்டும், கரண்ட் பில்லும் ஏறும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊரிலும் குழாய் உடைந்தால் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? சோதித்தால்தான் தெரியும்.

ஓசூர் தணிக்கை:
அந்த 5 சதவீதம் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்புச் செலவு) விதியில் வருவது. அதுவும் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்குத்தான். களத்தில் தண்ணீர் சோதிப்பவரின் சம்பளம் திட்டச் செலவு, அதை நிர்வாகத்தில் எழுதுவதே தவறு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். மூன்றாண்டுப் பணத்தை மார்ச்சில் மொத்தமாகப் போட்டால், மிச்சத்தைச் சேர்த்துவைக்கத் தீர்மானம், படிவம் என்று அலைவார்கள். கெடு தவறினால் வரி. மூன்றாண்டு ஒப்பந்தம் போடட்டும், பணத்தைக் காலாண்டு தவணையாக ஏப்ரலில் தொடங்கட்டும். தருகிற அறக்கட்டளையும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னொரு அறக்கட்டளைக்கு 1 லட்சம் தந்தால் வரித்துறை 85,000தான் செலவாக ஏற்கும். மூலதன நிதி (கார்பஸ், செலவழிக்காமல் முதலாக வைத்திருக்கும் பணம்) என்று எழுதித் தந்தால் அதுவும் கிடையாது.

பாலக்கோட்டான்:
சட்டம் புரிகிறது. ஆனாலும் வெறும் சம்பளத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஒவ்வொரு போருக்கும் மாதாமாதம் ஃப்ளோரைடு அளவு எழுதின பதிவேடு வேண்டும். இரண்டு மாதம் காலியாக இருந்தால் அடுத்த தவணை நிற்க வேண்டும்.

அரூர் களம்:
பதிவேடு சரி. தவணையை நிறுத்துவதில் உடன்பாடில்லை. சோதனை ரசாயனம் தீர்ந்ததால் பக்கம் காலியாக இருந்தால், பணத்தை நிறுத்தினால் அடுத்த மாதமும் காலிதான். முதலில் காரணம் கேட்டு ஒரு மாத அவகாசம் தரும் வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள்.