புதுப்பிப்பு: திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்த போனுக்குச் சார்ஜ் போடலாமா?

சிம் துளைக்குள் இருக்கும் வெள்ளை ஒட்டி (ஸ்டிக்கர்) சிவந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது என்று பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு முன் எழுதியிருந்தேன். இப்போது ரங்கூனிலிருந்து பலரும் கேட்பது: "வெள்ளையாத்தானே இருக்கு, சார்ஜ் போடலாமா?"

போடவே போடாதீர்கள். ஒட்டி அந்த ஓர் இடத்தைத்தான் காட்டும். சார்ஜ் துளையில் ஈரம் நிற்கலாம். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் பின்கள் அரித்துப் பச்சை பூக்கும். போனே செத்துப்போகலாம்.

அணைத்துவிட்டு, துளை கீழ்நோக்க உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். மின்விசிறிக் காற்றில் வையுங்கள். காய 24 மணி நேரம்கூட ஆகலாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அதன் தூள்தான் துளையை அடைக்கும்.

ஐபி68 (தூசும் தண்ணீரும் தாங்கும் தரக்குறியீடு) என்று நம்பியவர்களுக்கு: அது அசையாத நன்னீரில் மூழ்கவைக்கும் சோதனை. திஞ்சான் மண்டபங்களில் குழாயால் பீய்ச்சும் தண்ணீருக்கு அது காப்பு இல்லை.