பெட்ரோமாக்ஸ் டேங்கில் விரிசல்: சென்னையில் யார் சரிசெய்வார்கள்?

தாத்தா காலத்து பெட்ரோமாக்ஸ் விளக்கின் டேங்க் கசிகிறது. ஜெர்மனியில் தயாரான 829 மாடல், 500 கேண்டில் பவர். பித்தளை மேல் நிக்கல் பூச்சு. தீபாவளிக்கு நன்றாகவே எரிந்தது. பொங்கலிலிருந்து, பம்ப் அடித்தால் அழுத்தமானியின் முள் சிவப்புக் கோடு வரை ஏறி, சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறது.

பம்பின் தோல் வாசர், மூடியின் ரப்பர் வாசர் இரண்டையும் மாற்றினேன். பிறகு மண்ணெண்ணெயை வடித்து, காற்றேற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். அடிவிளிம்பை ஒட்டி, நிக்கல் உரிந்து பச்சை பூத்த இடத்தில், தலைமுடி அளவு விரிசல். நகத்தின் நீளம்தான், ஆனால் குமிழிகள் சரசரவென்று வருகின்றன.

எபாக்சி பசை பூசினேன், சில நாளில் விட்டுவிட்டது. புதுப்பேட்டையில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்றவைத்தார்கள். பற்று உறுதியாக நிற்கிறது, விரிசலோ அதைத் தாண்டி நீள்கிறது. வேறொருவர் கேஸ் வெல்டிங் செய்யலாம் என்றார். எனக்கு மனமில்லை. அந்தச் சூட்டில் டேங்கின் மற்ற ஈயப்பற்றுகள் உருகிவிடும், பித்தளையும் இளகிவிடும். மூர் மார்க்கெட்டிலும் ஈவினிங் பஜாரிலும் மாற்று டேங்க் தேடினேன். கிடைத்தவற்றில் மரை பொருந்தவில்லை.

அழுத்தத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் என்பதால், முழுதாகச் சரியாகும்வரை ஏற்றப்போவதில்லை. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, மேலே பித்தளைத் தகடு வைத்துப் பற்றவைப்பதே சரியான வழி என்று நினைக்கிறேன்.

சென்னையிலோ சுற்றுவட்டாரத்திலோ இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து, அழுத்தம் ஏற்றிச் சோதித்துத் தரும் பித்தளைப் பட்டறை எங்கே இருக்கிறது?