வீடு பார்த்து ரிப்போர்ட் தரும் இன்ஜினியர்: பொறுப்பு கட்டணத்தோடு முடியுமா?

கீழக்கரை_சிவில்:
ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய வீடு வாங்குறவங்களுக்கு ரிப்போர்ட் எழுதித் தர்ற இன்ஜினியர்கள் சேர்ந்து பொது ஒப்பந்தப் படிவம் தயார் பண்றோம். சேர்க்க நினைக்கிற ஷரத்து மூணு: இழப்பீடு வாங்கின கட்டணத்தைத் தாண்டாது, 6 மாசத்துக்கு மேல் புகார் செல்லாது, கண்ணுக்குத் தெரிஞ்சதுக்கு மட்டுமே பொறுப்பு. கோர்ட்டில் நிக்குமா?

வக்கீல்_மேசை:
இரண்டாவது நிற்காது. கெடு வைத்து உரிமையையே அழிக்கும் ஷரத்து, 1997 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தச் சட்டம் 28-ஆம் பிரிவில் செல்லாது. நுகர்வோர் சட்டம் 2019, பிரிவு 69 இரண்டு வருஷம் தருகிறது, அதுவும் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து. அது ரிப்போர்ட் கொடுத்த நாளா, காங்கிரீட் பொரிந்து கம்பி தெரிந்த நாளா என்பதில்தான் சண்டையே.

கட்டண வரம்புக்கு இங்கே நேரடித் தடை இல்லை. வீட்டுப் பரிசோதகருக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாதே. ஆனால் அச்சடித்த படிவத்தில் திணித்தால், பிரிவு 2(46)-இன் கீழ் நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில ஆணையத்துக்குப் போவார்கள். கலிபோர்னியாவில் இதே வரம்பைச் சட்டமே செல்லாததாக்கியிருக்கிறது. பதிலுக்கு, பரிசோதித்த நாளிலிருந்து 4 வருஷத்துக்கு மேல் வழக்குப் போட முடியாது. எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

மண்டபம்_காங்கிரீட்:
மூணாவதுதான் சார் நம்ம கரைக்கு ஆகாது. விக்கிறதுக்கு முன்னாடி பூசி வெள்ளையடிச்சிருப்பாங்க, கண்ணுக்கு என்ன தெரியும்? சன்ஷேடு, பாத்ரூம் ஸ்லாபோட அடிப்பக்கம், தண்ணித் தொட்டிக்குக் கீழே, கடலைப் பார்த்த தூண், எல்லாத்தையும் சுத்தியலால தட்டணும். பொத்பொத்னு சத்தம் வந்தா உள்ளே பிரிஞ்சிருக்கு. ரீபவுண்ட் ஹேமர் (காங்கிரீட்டுல மோதித் துள்ளுறதை வச்சு இறுக்கத்தைக் காட்டுற கருவி) எண்ணை மட்டும் நம்பாதீங்க. காத்துல இருக்கிற கரியமில வாயு ஏறி கார்பனேற்றம் ஆன மேல்தோல் இறுகி நல்ல எண்ணாக் காட்டும். கம்பியோட பாதுகாப்பைப் போக்கினதும் அதே கார்பனேற்றம்தான்.

கவர் மீட்டர் வைங்க, கம்பிக்கு மேல காங்கிரீட் எவ்வளவு மூடியிருக்குன்னு காட்டும்; கடலோரத்துக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) கேக்கிறது 45 மி.மீ. ஹாஃப் செல் அளவு (கம்பியோட மின்னழுத்தம்), செப்பு சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனா துரு ஓட 90%-க்கு மேல் வாய்ப்பு. அப்புறம் துளைத்தூள்: 0–20, 20–40, 40–60 மி.மீ. ஆழத்துல தனித்தனியா எடுத்து லேப்ல குளோரைடு (உப்போட அளவு) பாருங்க. மேலே கூடுதல், உள்ளே குறைவுன்னா வெளியிலேர்ந்து ஏறின கடல் உப்பு. மூணு ஆழத்திலும் ஒரே மாதிரி அதிகம்னா கட்டும்போதே உப்புத்தண்ணியோ கழுவாத கடல் மணலோ கலந்திருக்கு; அதுக்கு மேல்பூச்சு வைத்தியம் பலிக்காது.

துளை போட விக்கிறவரோட சம்மதத்தை எழுத்துல வாங்குங்க. தர மறுத்தா அதையே ரிப்போர்ட்ல எழுதுங்க. பூட்டின அறை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல்பக்கம்னு பார்க்காத இடம் ஒவ்வொண்ணையும் பேர் சொல்லிக் குறிங்க. பொத்தாம்பொதுவான ஷரத்தைவிட இதுதான் காப்பாத்தும்.

கீழக்கரை_சிவில்:
அப்போ கட்டணத்துக்குப் பதிலா காப்பீட்டுத் தொகையை வரம்பா வைக்கலாமா?

வக்கீல்_மேசை:
வைக்கலாம், சார். ஆனால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில், இழப்பீடு கேட்டு வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். கடைசி ரிப்போர்ட்டோடு பிரீமியத்தை நிறுத்தினால் பழைய ரிப்போர்ட்டுகளுக்கும் காப்பு போய்விடும். விற்பவரையும் விட்டுவிடாதீர்கள்: தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்வது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55(1)(அ)-இன்படி அவர் கடமை. பழைய ரிப்பேர் விவரத்தைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.