ஜாஸ் தட்டு மட்டும் இழுத்து இழுத்துப் பாடுகிறது, உதவி தேவை

ஹட்டன்_ஊசிமுனை
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரெக்கார்ட் பிளேயரில் ஜாஸ் தட்டு போட்டால் சத்தம் கனத்துப்போய் வருகிறது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ போட்டேன். ட்ரம்பெட் ட்ரம்பெட்டாகவே இல்லை, கோல்ட்ரேனின் சாக்சபோன் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி இழுக்கிறது. ஆனால் அதே பிளேயரில் ‘பாபிடன் பிளானட்’ படத்தின் எலக்ட்ரானிக் இசைத் தட்டு போட்டால் ஒரு குறையும் இல்லை, அருமையாக இருக்கிறது. அப்படியென்றால் ஜாஸ் தட்டுதானே பழுது? கீறல் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கேட்க வருகிறார்கள், அதற்குள் வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தலவாக்கலை_மின்னல்
தம்பி, வோல்டேஜ்தான். சந்தேகமே வேண்டாம். எங்கள் பக்கம் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஹீட்டர் போட்டதும் பல்பு மங்கிவிடும், ஃபேன் கூட மெதுவாகத்தான் சுற்றும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிப் போடுங்கள், சரியாகிவிடும்.

பண்டாரவளை_சுருதி
என்ன பிளேயர்? மாடல் பெயர்? பெல்ட்டில் ஓடுவதா, மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றுவதா? இந்த ஒரு ஜாஸ் தட்டு மட்டுமா, எல்லா ஜாஸ் தட்டுமா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

நுவரெலியா_குளிர்
இது குளிர். மோட்டாரின் பழைய கிரீஸ் நம்ம ஊர்க் குளிரில் இறுகிவிடும். காலையில் போட்டீர்களா, பகலிலா? அரை மணி நேரம் சும்மா சுற்றவிட்டு அப்புறம் தட்டைப் போட்டுப் பாருங்கள்.

பழையதட்டு
இந்த இழையைப் பார்த்தாலே தெரிகிறது, கேட்பவருக்கும் அடிப்படை தெரியவில்லை, பதில் சொல்பவர்களுக்கும் தெரியவில்லை. மாடல் சொல்லாமல், மோட்டார் வகை சொல்லாமல் உதவி கேட்கக் கூடாது என்று எத்தனையோ இழைகளில் எழுதிவிட்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் தவறான வேகத்தில் வெளிவந்தது என்பது ஜாஸ் கேட்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1959 மார்ச் 2 அன்று பதிவான மூன்று பாடல்களுக்கும் அந்தப் பிழை உண்டு. 1990களில்தான் திருத்தி வெளியிட்டார்கள். உங்களிடம் இருப்பது பழைய தட்டு. பிளேயரைக் குறை சொல்லாதீர்கள்.

பண்டாரவளை_சுருதி
பழையதட்டு அண்ணே, தகவல் சரி, ஆனால் திசை மாறிவிட்டது. அன்றைக்குப் பதிவு செய்த டேப் மெஷின்தான் மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டபோது சுருதி ஏறிப்போனது, இறங்கவில்லை. அதுவும் கிட்டத்தட்ட கால் சுரம் அளவுதான். தம்பி சொல்வது ட்ரம்பெட்டை அடையாளமே தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது.

ஹட்டன்_ஊசிமுனை
பெல்ட் பிளேயர்தான், பெல்ட் புதிது. பெயர்ப் பட்டை உரிந்துபோய்விட்டது, மாடல் தெரியாது. எல்லா ஜாஸ் தட்டும் இப்படித்தான். எலக்ட்ரானிக் தட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது. காலையிலும் இரவிலும் ஒரே மாதிரி.

பண்டாரவளை_சுருதி
காலையிலும் இரவிலும் ஒரே மாதிரி என்றால் குளிரும் இல்லை, வோல்டேஜும் இல்லை. இரண்டு காரியம் செய்யுங்கள். தட்டு சுற்றும் வட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, போனில் ஒரு நிமிடம் வைத்து எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 33⅓ வர வேண்டும். அப்புறம், பக்கத்தில் யார் வீட்டிலாவது ஆர்மோனியம் இருந்தால் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் வரும் ‘சோ வாட்’ பாடலோடு பிடித்துப் பாருங்கள். நான் கோவில் பஜனைக்கு வாசிக்கிறவன், எனக்கு இதுதான் கை வந்த வழி. அந்தப் பாடல் இரண்டு கட்டையில், அதாவது D சுருதியில் நிற்கும், நடுவில் இரண்டரைக்கு ஏறித் திரும்ப இறங்கும். உங்களுக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். கடிகாரத்திலும் பார்க்கலாம், அந்தப் பாடல் ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

வெலிமடை_அலைவரிசை
எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. எலக்ட்ரானிக் தட்டும் மெதுவாகத்தான் ஓடுகிறது, அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ட்ரம்பெட் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியும். பாபிடன் பிளானட்டில் லூயி பாரன், பீபி பாரன் இருவரும் தாங்களே கட்டிய மின்சுற்றுகளை அளவுக்கு மீறி ஏற்றி, அவை கத்திக் கருகிப்போகும் வரை டேப்பில் பிடித்தார்கள். அது 1956. அந்தச் சத்தம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று ஒப்பிட எவரிடமும் வாத்தியம் இல்லை.

பழையதட்டு
அதனால்தான் அதை இசை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. வேகம் தவறினால் கூடத் தெரியாத ஒன்றில் சுருதி எங்கே, தாளம் எங்கே? படத்திலேயே இசை என்று போடவில்லை, ‘எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்’ (மின்னணு ஒலிகள்) என்றுதான் போட்டார்கள்.

வெலிமடை_அலைவரிசை
அப்படிப் போட்டது இசைக்கலைஞர் சங்கத்தோடு வந்த சிக்கலால், அது இசை இல்லை என்பதால் இல்லை. பாரன் தம்பதி அந்த டேப்பை வேண்டுமென்றே மெதுவாக்கி, திருப்பிப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கித்தான் அந்தப் படத்துக்கான இசையைச் செய்தார்கள். அதற்கு முன்னாலேயே, 1948இல், பாரிஸில் பியர் ஷாஃபர் ரயில் சத்தத்தை மட்டும் எடுத்து ஒரு படைப்பே செய்துவிட்டார். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்களுடைய வாத்தியம். நானுஓயா ஸ்டேஷனில் எஞ்சின் மாற்றுகிற சத்தத்தை உட்கார்ந்து கேட்டுப் பழகியவனுக்கு அதில் தாளம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் மெதுவாகவே கேட்பேன், அதுவும் அழகுதான்.

பண்டாரவளை_சுருதி
இல்லை, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். பாரன் எவ்வளவு மெதுவாக்க வேண்டும் என்று காதால் கேட்டுத் தீர்மானித்தார். ஹட்டன் தம்பியின் மோட்டார் எதையும் தீர்மானிக்கவில்லை. எலக்ட்ரானிக் தட்டுக்குத்தான் சரியான வேகம் இன்னும் முக்கியம், ஏனென்றால் தவறினால் சொல்லிக்கொடுக்க அதில் ட்ரம்பெட் இல்லை.

ஹட்டன்_ஊசிமுனை
எண்ணினேன். 33 இல் வைத்தால் 28க்குக் கொஞ்சம் குறைவு. 45 இல் வைத்தால் 37, 38 வருகிறது. ‘சோ வாட்’ பதினொரு நிமிடம் தாண்டுகிறது. ஆர்மோனியத்தில் கீழ் ஏழு கட்டைக்கும் சற்றுக் கீழே.

கண்டி_வானொலி
தம்பி, இந்த பிளேயர் எங்கிருந்து வந்தது? கனடாவா அமெரிக்காவா?

ஹட்டன்_ஊசிமுனை
ஆமாம் அக்கா, மாமா டொரோண்டோவிலிருந்து அனுப்பினார். எப்படித் தெரியும்? கூடவே ஒரு கறுப்புப் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர், அதில் செருகித்தான் போடுகிறேன். கரண்ட் எல்லாம் சரியாக வருகிறது.

கண்டி_வானொலி
அதுதான் காரணம். உங்கள் கணக்கே சொல்லிவிட்டது. 33⅓ சுற்று வர வேண்டிய இடத்தில் 27.8, அதாவது ஆறில் ஐந்து பங்கு. 45க்கும் அதே ஆறில் ஐந்து, 37.5. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை ஊசலாடும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 50ஐ 60ஆல் வகுத்தாலும் அதே ஆறில் ஐந்து. அந்தக் கறுப்புப் பெட்டி வோல்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. பழைய பெல்ட் பிளேயர் பலவற்றில் இருக்கும் சிங்க்ரனஸ் மோட்டார் வோல்டைப் பார்த்துச் சுற்றுவதில்லை, ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுற்றும். அதனால் ஸ்டெபிலைசருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சுருதியில் இது மூன்று ஸ்வரஸ்தானத்துக்குக் கொஞ்சம் மேலேயே இறக்கிவிடும். ஆர்மோனியத்தில் இரண்டுக்குப் பதில் கீழ் ஏழுக்கும் கீழே வந்தது அதனால்தான். இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50இல் ஓடினால் அதிகம் சூடாகும். மணிக்கணக்கில் விடாதீர்கள், தொட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை_மின்னல்
அக்கா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும் ஸ்டெபிலைசர் போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வெலிமடை_அலைவரிசை
மோட்டாரின் புல்லியில், அதாவது பெல்ட்டை இழுக்கும் சின்னச் சக்கரத்தில், ஒட்டும் டேப் சுற்றிப் பெரிதாக்குங்கள், தட்டு வேகமாகச் சுற்றும். கையோடு முடியும்.

கொட்டகலை_பட்டறை
டேப் வேண்டாம். சூடானால் பசை இளகும், ஒரு பக்கம் தடித்துச் சுருதி ஆடும். நான் தேயிலை ஃபேக்டரியில் பிட்டர் வேலை பார்த்தவன், வாழ்க்கை முழுக்க பெல்ட்டும் புல்லியும்தான். உங்கள் புல்லியைக் கழற்றி, லேத் (கடைசல் இயந்திரம்) தெரிந்தவரிடம் கொடுத்து பித்தளையில் பெரிதாகக் கடையச் சொல்லுங்கள். 60ஐ 50ஆல் வகுத்தால் 1.2, ஆனால் வெறுமனே 1.2ஆல் பெருக்கினால் போதாது, பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் எடுக்க வேண்டும். புல்லியின் விட்டத்தை 1.2ஆல் பெருக்கி, பெல்ட் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.6 என்றால் 12.12 வரும். இரண்டு வேகம் என்றால் இரண்டு படி இருக்கும், இரண்டுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். முக்கியமானது, பெல்ட் ஓடும் இடம் தட்டையாக இருக்கக் கூடாது, நடுவில் மயிரிழை புடைத்திருக்க வேண்டும். ஃபேக்டரியில் அந்தக் காலத்துத் தேயிலை ரோலர் லைனில் தட்டைப் பெல்ட் ஓடிய பெரிய புல்லிகளும் அப்படித்தான் இருக்கும். இல்லாவிட்டால் பெல்ட் நழுவிக்கொண்டே போகும்.

கண்டி_வானொலி
ஐயா சொல்வதுதான் நிரந்தர வழி. புல்லியைக் கழற்றப் பயமாக இருந்தால், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் கொடுக்கிற பியூர் சைன் வேவ் இன்வர்ட்டர் ஒன்றை பேட்டரியோடு வைத்து ஓட்டலாம். பிளேயர் சாப்பிடும் மின்சாரம் கொஞ்சம்தான். மலிவான இன்வர்ட்டர் வேண்டாம், இரைச்சல் ஸ்பீக்கரில் வரும்.

பழையதட்டு
60 ஹெர்ட்ஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மாடல் கேட்பது இதற்குத்தான். அது கிடக்கட்டும், மலையகத்தில் ஜாஸ் கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பதே சந்தோஷம். 1958இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு இலங்கைக்கு வந்து வாசித்தது, 1963இல் டியூக் எலிங்டன் வந்தார். அதோடு இங்கே யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்டி_வானொலி
யாரும் என்று சொல்லாதீர்கள். 1955இல் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஜாஸ் நிகழ்ச்சியை என் அப்பா சிற்றலையில் பிடித்துக் கேட்பார். அதை நடத்திய வில்லிஸ் கோனோவர் நிறுத்தி நிதானமாகப் பேசும் ஆங்கிலத்தில்தான் அப்பா அந்த மொழியையே பழகினார். தோட்டத்தில் ஜாஸ் கேட்டவர்கள் இருந்தார்கள், எழுதி வைக்கத்தான் யாரும் இல்லை.

வெலிமடை_அலைவரிசை
எழுத வேண்டும் அக்கா. தனி இழையாகப் போடுங்கள், நானும் சேர்கிறேன். பழையதட்டு அண்ணனுக்கு எலக்ட்ரானிக் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

பழையதட்டு
பிடிக்காது என்று சொல்லவில்லை. இசை இல்லை என்றேன்.

ஹட்டன்_ஊசிமுனை
லேத்தில் கடைந்து போட்டாயிற்று. நிமிடத்துக்கு 33, அடுத்த சுற்றில் கால் வாசி தாண்டியது. ட்ரம்பெட் ட்ரம்பெட்டாக இருக்கிறது. பாபிடன் பிளானட் இப்போது வேறு தட்டு, முன்பு தனித்தனியாக விழுந்த விசில்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. கொட்டகலை ஐயாவுக்கும் கண்டி அக்காவுக்கும் நன்றி.

கொட்டகலை_பட்டறை
நல்லது. புல்லியின் திருகை ரொம்ப இறுக்காதீர்கள், பித்தளை மரை சீக்கிரம் தேயும். கழற்றிய பழைய புல்லியை பிளேயருக்கு அடியிலேயே ஒரு பையில் ஒட்டி வையுங்கள், நாளைக்கு இதை வாங்குகிறவர் கனடாவுக்கு எடுத்துப் போகலாம்.