கியூராசியர் கவசம் மங்கிப்போச்சு, வார்னிஷ்ல தப்பா என் கையில தப்பா?

நாகர்கோவில்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பெயிண்ட் அடிக்கிற குட்டிப் பொம்மை வீரர்கள்: பிரெஞ்சு கியூராசியர் (நெப்போலியன் காலத்துல எஃகு நெஞ்சுக்கவசம் போட்ட குதிரைப்படை), 28 மி.மீ. பிளாஸ்டிக், பெட்டியில 14 குதிரைவீரர்கள். ஆவணியில ஆரம்பிச்சேன். பிள்ளைங்க தூங்கின பிறகு ஒரு மணி, ரெண்டு மணி நேரம்னு உட்கார்ந்து 13 பேரை முடிச்சாச்சு. கருப்பு ப்ரைமர், கன்மெட்டல் (இருண்ட உலோக நிறம்), மேல சில்வர், கடைசியா கருப்பு வாஷ் (பள்ளத்துல போய் நிக்கிற தண்ணிப் பெயிண்ட்). கவசம் சும்மா தகதகன்னு இருந்துச்சு.

போன ஞாயிறு மொட்டைமாடியில வச்சு மேட் வார்னிஷ் (மினுக்கமில்லாத பாதுகாப்புப் பூச்சு) ஸ்ப்ரே அடிச்சேன். முந்தின ராத்திரி நல்ல மழை. அடிக்கும்போது தூறல் இல்லையே, அது போதும்னு நினைச்சுட்டேன். சாயங்காலம் பார்த்தா கவசமெல்லாம் பழைய அலுமினியச் சட்டி மாதிரி செத்துக் கிடக்கு. நாலு குதிரை முதுகுல கோலமாவு தூவின மாதிரி வெள்ளை பூத்திருக்கு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "போருக்குப் போனவன் அழுக்காத்தானே வருவான், விடுங்க"ங்கிறா. எனக்கு மனசு ஆறலை. பெயிண்டை உரிச்சுட்டு முதல்லேர்ந்தா?

இன்னொண்ணு. 4-ஆம் ரெஜிமெண்ட்னு முடிவு பண்ணி காலருக்கு ஆரஞ்சு வச்சேன். வாட்ஸப்ல ஒருத்தர் "கியூராசியர்னா சிவப்புதான்"னு அடிச்சுச் சொல்றார். குதிரைங்க வேற எல்லாம் ஒரே சாக்லேட் கலர்.

பழைய தூரிகை:

தம்பி, உரிக்காதீங்க. ரெண்டும் வேற வேற வியாதி.

மேட் வார்னிஷ்ல பொடிப்பொடியா சிலிக்கா மாதிரி ஒண்ணு கலந்திருக்கும். அது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கம்பளிக் கோட்டுக்கும் குதிரை உடம்புக்கும் அது வேணும். தேய்ச்சு மினுக்கின எஃகுக்கு அதுவே எமன். மேட் அடிச்சு முடிச்ச பிறகுதான் உலோகத்தையே தொடணும். நானும் ஒரு முழு ஸ்குவாட்ரனைக் கெடுத்த பிறகுதான் இதைக் கத்துக்கிட்டேன்.

குதிரையில பூத்தது காத்துல இருந்த ஈரம். க்ளாஸ் வார்னிஷை, அதாவது பளபளக்கிற வகையை, பிரஷ்ஷால மெல்லிசா ஒரு கோட் குடுங்க, பெரும்பாலும் வெள்ளை மறைஞ்சிடும். காஞ்சதும் மேட், அதையும் பிரஷ்ஷாலேயே. ஐப்பசி கார்த்திகையில நான் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுறதே இல்லை.

கவசத்துக்கு சில்வரை முழுக்க அப்பாதீங்க. அது வளைஞ்ச கண்ணாடி. மேல வானம் தெரியும், கீழ தரை தெரியும். நெஞ்சு மேட்டுல சில்வர், வயிற்றுப் பக்கம் கன்மெட்டலை இருட்டாவே விடுங்க. நடு முகட்டுல மேலேர்ந்து ஒரே ஒரு வெளிர்க் கோடு. ஓரத்து ஆணித் தலைகள் பித்தளை. அதுக்கு பிரஷ் வேண்டாம், குண்டூசி முனையில தொட்டு வைங்க.

லாசப்பல் பெடியன்:

அண்ணை, உங்கட ஆரஞ்சு சரி. 1812 அளவில 1 தொடக்கம் 3 வரை ரெஜிமெண்டுகளுக்குக் கடும் சிவப்பு. 4 தொடக்கம் 6 வரை ஒரோர், விடியக்காலமை வானத்தின்ர நிறம். 7, 8, 9 மஞ்சள். 10, 11, 12 ரோஸ். வட்ஸப் ஆள் தோளில இருக்கிற எப்போலெட்டை, அந்தக் குஞ்சம் வச்ச தோள்பட்டியைப் பார்த்திருப்பார், அது எல்லா ரெஜிமெண்டுக்கும் சிவப்புத்தான். கவசத்துக்குக் கீழால எட்டிப் பாக்கிற துணி விளிம்பும் சிவப்பு, வெள்ளைக் கரையோட. கைப்பட்டி நிறத்துக்கு மண்டையை உடைக்காதேங்கோ, நீளக் கையுறை மூடிடும். ஒரோர் நல்லாத் தெரியிற இடம் சேணத்துக்கு மேல போடுற வெள்ளை ஆட்டுத்தோல். அதைச் சுத்திப் பல்லுப் பல்லா வெட்டின துணி வரும், அதை விட்டுடாதேங்கோ.

மினுக்கத்தைப் பற்றியும் ஒண்டு. இங்க பாரிஸில ஆன்வலிட் இராணுவ மியூசியத்தில ஃபோவோ எண்ட கராபினியர்ட (அதுவும் கவசம் போட்ட குதிரைப்படைதான்) கவசம் இருக்கு. ஆள் 1815-இல வாட்டர்லூவில செத்தவர். பீரங்கிக் குண்டு முன்னால பூந்து முதுகால போயிருக்கு. எப்ப போனாலும் அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டுடுவன். அது பித்தளைத் தகடு போத்தினது, உங்கட ஆக்களின்ர வெறும் எஃகு. ஆனா ரெண்டும் வளைவில வெளிச்சம் பிடிக்கிற விதம் ஒண்டுதான். பழைய தூரிகை ஐயா சொன்ன வானம், தரை விசயத்தை அங்க நேரில பாக்கலாம்.

சுழிபார்ப்பான்:

குதிரைக்கு நான் வர்றேன். சாக்லேட் மேலேயே வெளிர் ஆரஞ்சுப் பழுப்பு அக்ரிலிக் அடிங்க. நல்லா காஞ்சதும் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயில் பெயிண்டை உடம்பு முழுக்கப் பூசி, இருபது நிமிஷம் விட்டு, மேக்கப் ஸ்பாஞ்சால துடைச்சு எடுங்க. பள்ளத்துல இருட்டு நிக்கும், தசை தானா எழும்பி வரும். மழைக்காலத்துல காய மூணு நாலு நாள் பிடிக்கும், பொறுமையா இருங்க.

பே குதிரைன்னா பிடரி, வால், முட்டிக்குக் கீழ கால் எல்லாம் கருப்பு. செஸ்ட்நட்னா பிடரியும் வாலும் உடம்பு நிறமே. ஆறு பே, நாலு கருப்பு, மூணு செஸ்ட்நட் போடுங்க. நாலு காலும் வெள்ளை சாக்ஸ் போட்டு விடாதீங்க, அது ஸ்கூல் பேரணி. ஒண்ணுக்கு ஒரு பின்னங்கால், இன்னொண்ணுக்கு நெத்தியில ஒரு பொட்டு, போதும். சாம்பல் வெள்ளை ட்ரம்பெட்காரன் குதிரைக்கு மட்டும்.

நாகர்கோவில்காரன்:

க்ளாஸ் அடிச்சதும் மூணு குதிரையில வெள்ளை போயிடுச்சு. நாலாவதுக்கு ரெண்டு கோட் ஆச்சு. ஒரு கவசத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கு, அதுக்குள்ள வானமும் தரையும் வரணும்! ஆனா வந்துச்சு. குண்டூசி முதல் தடவை ஆணித் தலை மூணையும் ஒரே கட்டியாக்கிடுச்சு. துடைச்சுட்டு மறுபடி வச்சேன்.

மிச்சம் இருக்கிற 14-ஆவது ஆள்தான் ட்ரம்பெட்காரர். அவருக்கும் நீலக் கோட்டுதானே?

லாசப்பல் பெடியன்:

1812 விதிப்படி எண்டால் பச்சைக் கோட்டு அண்ணை. ஹெல்மெட்டில தொங்கிற மயிர் வெள்ளை. கவசம் போட மாட்டார்.

நாகர்கோவில்காரன்:

கவசம் போட்ட உடம்புலதான் ட்ரம்பெட் கையை ஒட்டினேன். நேத்து ராத்திரி. சூப்பர் க்ளூ.